பதினொரு சோடிச் சப்பாத்து

லவுட்டர்புருன்னன் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வாடகைக் கடை. பெப்ரவரிச் சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. உள்ளே ஈரக் கம்பளியும் ரப்பரும் கலந்த வாசனை. நீண்ட மர வாங்கில் பேர்ண் நகரத்திலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதுத் தாயின் வலது கால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் முக்கால்வாசி போய்விட்டது. குதிக்கால் மட்டும் உள்ளே இறங்க மறுக்கிறது. மூத்த மகள் தரையில் முழங்காலிட்டு, சப்பாத்தின் நாக்கை இரண்டு கையாலும் முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

"குதியால அமத்துங்கோ அம்மா, விரலால இல்லை."

"பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாக் கேளன்."

"பெரிசு எடுத்தால்தான் கூட நோகும்."

அம்மா நம்பவில்லை. சப்பாத்து கடித்தால் அடுத்த எண்ணை வாங்குவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். ஸ்கீச் சப்பாத்தில் அந்த வைத்தியமே நோயாகிவிடும். அது நடப்பதற்காகச் செய்த பொருள் அல்ல. முழங்காலும் கணுக்காலும் செய்கிற சின்னச் சின்ன அசைவுகளை ஒன்றரை மீற்றர் நீளக் கட்டையின் ஓரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற கருவி. உள்ளே இடம் இருந்தால் கால் முன்னும் பின்னும் வழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் பெருவிரல் நகம் முன்சுவரில் போய் இடிக்கும். வழுக்கலை நிறுத்த அந்த ஆள் கொழுக்கிகளை இறுக்குவார். இறுக்கிய கொழுக்கி பாதத்தின் மேல்மேட்டை அழுத்தும். இரத்தக் குழாயும் நரம்பும் தோலுக்கு மிக அருகில் ஓடுகிற இடம் அது. அரை மணியில் விரல்கள் மரக்கும், மரத்த கால் குளிரும். குளிருகிறது என்று மறுநாள் இரண்டாவது காலுறையைப் போடுவார், இடம் இன்னும் குறையும். மூன்றாம் நாள் அவர் விடுதியிலேயே இருந்துவிடுவார்.

அப்படி ஒருவர்கூட விடுதியில் தங்கிவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்ட மகளின் ஒரே பிடிவாதம். இருபத்தேழு வயது, மருத்துவமனைத் தாதி. குழுவில் பன்னிரண்டு பேர்: அவளுடைய தாய், தகப்பன், தம்பி, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மாமா, மாமி, ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் மச்சான், எழுபத்தெட்டு வயது அம்மம்மா. அம்மம்மாவைத் தவிர மற்றப் பதினொரு பேருக்கும் சப்பாத்து வேண்டும். மச்சானிடம் சொந்தச் சோடி இருக்கிறது. தாயும் தகப்பனும் மாமியும் இதுவரை ஸ்கீக் கட்டையில் கால் வைத்ததே இல்லை.

விடுதி தேடுவதற்கு முன்பே அவள் கால்களை அளந்துவிட்டாள். இரண்டு கிழமைக்கு முன், வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரையும் குதிக்காலைச் சுவரில் முட்டக் கொடுத்துக் கடதாசியில் நிற்கவைத்து, மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு கிழித்தாள். ஸ்கீச் சப்பாத்தின் எண் அந்த நீளமேதான். 24.5 என்றால் 24.5 சென்ரிமீற்றர் காலுக்கானது. 'மொண்டோபொயின்ற்' என்று இந்த அளவுமுறைக்குப் பெயர். வழக்கமான ஐரோப்பிய எண்ணோடு ஒப்பிட்டு ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இன்னொன்றையும் அவள் எல்லோருக்கும் சொல்லிவைத்தாள்: பெரும்பாலான தயாரிப்புகளில் 24க்கும் 24.5க்கும் வெளிக்கூடு ஒன்றுதான். அரை எண் ஏறினால் கூடு பெரிதாவதில்லை, உள்ளே இருக்கும் மெத்தையோ அடித்தாளோதான் மாறும்.

நீளம் மட்டும் போதாது. அகலத்தை மில்லிமீற்றரில் சொல்வார்கள். பாதத்தின் மிக அகன்ற இடத்தில் 98 என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102க்கு மேலே அகலம். தகப்பன் இருபத்தெட்டு வருடமாக உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்கிறவர். நின்று நின்று வளைவு தட்டையாகி, பாதம் பரந்துபோயிருந்தது. கடையில் இருந்த இளைஞன் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே முதலில் எடுத்த சோடியைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தான். பிறகு, அவசரமான கடைகளில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். உள்மெத்தையை முழுவதுமாக வெளியே இழுத்து எடுத்தான். வெறும் கூட்டுக்குள் காலை விடச் சொன்னான். விரல் முன்சுவரைத் தொடும்வரை காலை முன்னே தள்ளவைத்து, குதிக்காலுக்குப் பின்னால் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான். ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி. புதியவருக்கு அதுதான் அளவு. அதற்கு மேலே போனால் கூடு பெரிது. உள்ளே எவ்வளவு பஞ்சு வைத்தாலும் பயனில்லை.

மெத்தையைத் திரும்ப வைத்துக் காலைப் போட்டதும் தகப்பன் முகம் சுளித்தார். "விரல் முட்டுது."

"நிமிர்ந்து நிக்கேக்க முட்டத்தான் வேணும் அப்பா. முழங்காலை மடிச்சு முன்னுக்குச் சாயுங்கோ."

சாய்ந்தார். குதிக்கால் பின்னால் போய் இருந்தது, விரல் விடுபட்டது. அவருடைய முகத்தில் வந்த வியப்பைப் பார்த்து வாங்கில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லாச் சப்பாத்தையும் நின்று பார்த்து வாங்கியே பழகிய மனிதருக்கு, இதை முன்னுக்குச் சாய்ந்துதான் பார்க்க வேண்டும் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

இந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்கு வயது அதிகம் இல்லை. அதற்கு முன்னால் தோல் சப்பாத்துதான், கயிறுதான். விறைத்த கையால் கயிறு முடிவதே ஒரு தண்டனையாக இருந்த காலத்தில், 1955இல் சுவிஸ் நிறுவனமான ஹெங்கே கொழுக்கி வைத்த சப்பாத்தைக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த பாப் லாங்கே வெளிக்கூட்டையே பிளாஸ்டிக்கில் வார்த்தார். தோல் நனைந்தால் தளரும், பத்து நாளில் காலின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும். பிளாஸ்டிக் இளகாது. கட்டுப்பாடு கூடியது, வலியும் கூடியது. அதனால்தான் கால் பார்த்துச் சப்பாத்து திருத்துகிற தொழில் வளர்ந்தது. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு அந்தத் திறமையாளர்கள் கூட்டைச் சூடாக்கிச் சின்னவிரல் பக்கம் புடைக்கவைப்பார்கள். கணுக்கால் எலும்பு உரசும் இடத்தில் உள்ளே சுரண்டுவார்கள். மெத்தையைச் சூடேற்றிக் காலுக்கு வார்ப்பார்கள். பாதவளைவைத் தாங்க அச்செடுத்து அடித்தாள் செய்வார்கள். மச்சானின் சொந்தச் சோடி அப்படிச் செய்ததுதான். வாடகைச் சப்பாத்தில் இவை எதுவும் நடக்காது. சரியான கூட்டைத் தேடிப் பிடிப்பது ஒன்றே வழி. அதற்கு நேரம் வேண்டும்.

நேரத்தைத்தான் குழுப் பயணங்களில் யாரும் ஒதுக்குவதில்லை. முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேரும் கடைக்குள் நுழைவார்கள். வெளியே வெயிலும் புதுப்பனியும் கூப்பிடும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் தங்களுடையதை ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். வாசலில் நிற்பவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்று, ஒன்றும் தெரியாத மாமி "இது காணும், இது காணும்" என்று சொல்லி முதற் சோடியோடு எழுந்துவிடுவார். கூச்சம் எடுத்துக்கொடுத்த சப்பாத்து அது. மகள் இதை முன்கூட்டியே யோசித்திருந்தாள். முந்தின நாள் பின்னேரமே கடைக்கு வந்தார்கள். புதியவர்கள் மூன்று பேருக்கும் முதலில், தெரிந்தவர்களுக்குக் கடைசியில். போட்ட சப்பாத்தோடு பதினைந்து நிமிடம் கடைக்குள் நடக்க வேண்டும் என்பது கட்டளை. சித்தப்பா இரண்டு சோடித் தடித்த காலுறையோடு வந்திருந்தார். ஒன்றை அவளே கழற்றிப் பையில் வைத்தாள். மெல்லிய, நீளமான ஒரே ஒரு காலுறை. உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் விளிம்புகூடச் சப்பாத்துக்குள் போகக் கூடாது. ஒரு மடிப்பு போதும், பின்னேரத்துக்குள் முழங்காலுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு கீறிவிடும்.

சித்தியோ ஒன்பது வயது மகனுக்கு ஒரு எண் பெரிதாகக் கேட்டார். "வளருற பிள்ளைதானே." சுவிஸ் கடைகள் பிள்ளைகளுக்கு முழுக் குளிர்காலத்துக்கும் வாடகைக்குக் கொடுப்பதும், வளர்ந்தால் மாற்றிக்கொடுப்பதும் இதற்காகவே. பெடியனுக்கு அவனுடைய எண்ணே கிடைத்தது.

கடைசியில் ஒரு படிவம். எடை, உயரம், வயது, எவ்வளவு சறுக்கத் தெரியும். சப்பாத்தின் குதிப்பக்கத்தில் அடிநீளம் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். அதையும் சேர்த்து, விழும்போது சப்பாத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் பைண்டிங் எந்த விசையில் காலை விட வேண்டும் என்று கணக்கிடுவார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அது இன்னும் இலகுவாக விட வேண்டும். மாமி எடையில் எட்டுக் கிலோவைக் குறைத்து எழுதினார். மகள் ஒன்றும் பேசாமல் படிவத்தைத் திருத்தினாள். முழங்கால் முறிவுகளைக் கட்டிலில் பார்த்தவள் அவள்.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. 297 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவியின் பாறைமுகம் கறுத்து நின்றது. பல்சக்கர ரயில் வெங்கன் ஊருக்கு ஏறத் தொடங்கியது. 1893இல் ஓடத் தொடங்கிய பாதை. லவுட்டர்புருன்னனிலிருந்து கிளைன ஷைடெக் கணவாய் வழியே கிரிண்டெல்வால்ட் வரை 19 கிலோமீற்றர். உலகத்தில் இடைவிடாமல் நீளும் பல்சக்கரப் பாதைகளில் இதுவே நீளமானது. வெங்கனுக்குக் கார் போகாது. இந்த ஊரை மகள் தேர்ந்ததற்கும் அந்த ரயில்தான் காரணம். கம்பிவடத்தில் மட்டும் ஏறுகிற மலையில் சறுக்கத் தெரியாதவர்கள் பெரும்பாலும் கீழேயே நின்றுவிடுவார்கள். இங்கே 2,061 மீற்றர் உயரக் கிளைன ஷைடெக் வரைக்கும் ரயில் போகிறது. சறுக்குகிறவர்கள் கட்டையில் வந்து சேரும் அதே மேடையில் அம்மம்மாவும் வந்து இறங்கலாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டமாக வந்து சறுக்கும் பழக்கத்துக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர் மெதடிஸ்த போதகர், மருத்துவரும்கூட. மிஷன் பணிக்காக இந்தியா போனார். அவருடைய மூத்த மகன் ஆர்னல்ட் லன் 1888இல் சென்னையில் பிறந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய தகப்பன், 1892இல் திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் மாநாடு ஒன்றைக் கிரிண்டெல்வால்டில் கூட்டினார். ஆட்களை ஒன்றாகக் கூட்டிவந்து தங்கவைக்கும் அந்த வேலையே பிறகு பயண நிறுவனமாக வளர்ந்தது. கோடையில் மட்டும் திறந்திருந்த மலை விடுதிகளைக் குளிர்காலத்திலும் திறக்கவைத்து, ஆங்கிலேயர்களைக் குழுக்களாக அழைத்துவந்தார். பள்ளத்தாக்கின் மறுகரையில் இருக்கும் மியூரன் ஊருக்கு 1910–11 குளிர்காலத்தில் ரயிலை ஓடவைத்ததும் அவர்தான். மகன் அதே மியூரனில் 1922இல் கொடிகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து யார் விரைவாக இறங்குகிறார்கள் என்று நேரம் பார்த்தார். இன்றைய ஸ்லாலொம் போட்டி அங்கேதான் பிறந்தது. 1931இல் முதல் அல்பைன் ஸ்கீ உலக வாகையர் போட்டியும் மியூரனில் நடந்தது; பெண்களும் ஓடினார்கள்.

சுவிஸ் தமிழர்களுக்கு ஸ்கீ வந்த வழி வேறு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த தலைமுறை சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தது. பனி அவர்களுக்கு விடியற்காலை வேலைக்குப் போகும்போது சறுக்கி விழவைக்கிற பொருள். பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடம் ஸ்கீ முகாம் வைத்தது. ஒரு கிழமை வகுப்போடு மலையில் தங்கி, ஆசிரியர்களிடமே சறுக்கப் பழகுவது இந்த நாட்டின் ஆழமான வழக்கம். பெப்ரவரி விடுமுறையே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பள்ளிகளைச் சூடாக்கும் நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காகத் தொடங்கியதுதான். வகுப்பறை மூடியதும் பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்கள். முகாமுக்குப் பெற்றோரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பது உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017 டிசம்பரில், கட்டாய முகாம் என்றால் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம், வயதைப் பொறுத்து நாளுக்கு அதிகபட்சம் 10 முதல் 16 பிராங் என்று தீர்ப்பு வந்தது. இந்த மகள் முகாம் போனது அதற்கு முன்னால். தகப்பன் இரண்டு ஞாயிறு மேலதிகமாக வேலை செய்து காசு கட்டினார். சப்பாத்து, பக்கத்து வீட்டுச் சுவிஸ் பிள்ளையினுடையது. ஒரு எண் பெரிது. ஐந்து நாளும் பெருவிரல் நகம் கறுத்துப்போய்த்தான் சறுக்கினாள். வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, விடுதி அறைக்குள்ளேயே சப்பாத்துகளைப் போட்டார்கள். இரவு வாசலுக்கு வெளியே விட்ட கூடு கல்லாக இறுகிவிடும். சூடான அறையில் இருந்தால் வாய் திறந்து கொடுக்கும். குதிக்காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னே இருத்தி, முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள கொழுக்கி, பிறகு மேற்பட்டி, விரலுக்கு மேலுள்ளதைக் கடைசியில் சும்மா மாட்டினால் போதும். தாயின் கொழுக்கிகளை மகள் போட்டாள். பல வருடங்களுக்கு முன் முகாமுக்குப் புறப்பட்ட காலையில் தாய் அவளுக்குத் தொப்பியின் நாடாவை முடிந்ததைப் போல, அதே கவனத்தோடு.

மச்சான் மேலே போகத் துடித்தார். யுங்ஃபிராவ் வட்டாரத்தில் 200 கிலோமீற்றருக்கும் மேல் சறுக்குப்பாதை; 1930இலிருந்து போட்டி நடக்கும் லௌபர்ஹோர்ன் பாதையில் ஒருமுறையாவது இறங்க வேண்டும் என்றுதான் அவர் கடல் கடந்து வந்தார். அவரைக் கட்டி வைப்பதில் அர்த்தமில்லை. தெரிந்தவர்கள் காலை முழுக்கத் தங்கள் பாட்டில் போகலாம், பன்னிரண்டரைக்குக் கிளைன ஷைடெக்கில் எல்லோரும் கூட வேண்டும், பின்னேரம் ஒரு மணிநேரம் ஒருவர் புதியவர்களோடு நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம். புதியவர்களுக்கு முழு வட்டாரத்துக்கான அனுமதிச்சீட்டை எடுக்கவில்லை. ஊரின் நடுவே இருக்கும் பயிற்சிச் சரிவுக்கு அது தேவையில்லை. மச்சானின் பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு அடங்கியிருக்கிறதா என்று மகள் புறப்படுமுன்பே கேட்டு வாங்கியிருந்தாள். சுவிஸில் கிழமைக்கு எட்டு மணிநேரமாவது ஓரிடத்தில் வேலை செய்கிறவருக்கு விடுமுறை விபத்துக்கும் வேலை வழியே காப்புறுதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினருக்கு அது கிடையாது.

முதல் நாள் பதினொரு மணிக்கே மாமி சரிவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கெண்டைச்சதையில் நோ. பெண்களுக்குக் கெண்டைச்சதை பொதுவாகக் கீழே இறங்கியிருக்கும். சப்பாத்தின் மேல்விளிம்பு சரியாக அதில் போய் வெட்டும். முந்தின நாள் பதினைந்து நிமிட நடையில் இது தெரியவில்லை, மடித்து மடித்து ஒரு மணிநேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. "பரவாயில்லை, நீங்கள் போங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் மாமி. மகள் விடவில்லை. அப்போதே ரயிலில் கீழே போய், மேல்விளிம்பு உயரம் குறைந்த பெண்கள் சோடி ஒன்றை மாற்றி எடுத்தார்கள். கட்டைகளையும் தோளில் கொண்டுபோனார்கள். புதுச் சப்பாத்தின் அடிநீளம் ஒன்பது மில்லிமீற்றர் குறைவு, பைண்டிங்கைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். இது தெரியாமல் விடுதியில் அக்காவும் தங்கையும் தங்களுக்குள்ளே சப்பாத்தை மாற்றிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. அப்படி மாற்றிய பைண்டிங் விட வேண்டிய நேரத்தில் விடாது, விடக் கூடாத நேரத்தில் விடும்.

ஒன்றே முக்காலுக்குத்தான் அவர்கள் ஷைடெக்கில் இறங்கினார்கள். ஐகர் மலையின் வடமுகம் தலைக்கு மேலே எழுந்து நின்றது. அம்மம்மா வெயில் விழும் வாங்கில், போர்வைக்குள், பிளேன்ரீப் போத்தலோடு இருந்தார். கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும் ஆறிப்போயிருந்தன. ஒருவரும் சாப்பிடவில்லை. மச்சான்தான் முதலில் எழுந்து மாமியிடம் வந்தார்.

"இப்ப எப்பிடி மாமி?"

"இப்ப கால் என்ர கால் மாதிரிக் கிடக்கு."

அன்று பின்னேரம் அவரோடு நின்றது மச்சான்தான். ஒப்பந்தப்படி ஒரு மணிநேரம். சரிவு மூடும்வரை நின்றார்.

புதன்கிழமை மியூரன் போனார்கள். ஆர்னல்ட் லன்னுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சென்னையில் பிறந்தவர் என்று மகள் சொன்னதும் அம்மம்மா கிட்டப் போய்க் கல்லில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்தார். மற்றபடி அன்று மேகம், பார்க்க ஒன்றும் இல்லை.

தகப்பன் வியாழக்கிழமை பயிற்சிச் சரிவைவிட்டு இலகுவான நீலப்பாதைக்குப் போனார். தாய்க்குப் பயிற்சிச் சரிவிலேயே வெள்ளிவரை எடுத்தது. அவர் வளைந்து திரும்பக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கட்டைகளின் முனையைச் சேர்த்து, வாலை விரித்து, நினைத்த இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டார். வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு, பயிற்சிச் சரிவின் உச்சியிலிருந்து அடிவரை விழாமல் இறங்கி, வேலிக்கு இரண்டு மீற்றர் முன்னால் நின்றார். நின்றபிறகும் முழங்கால் மடித்தபடியே இருந்தது, நிமிரப் பயம். இரவு பதினொரு சோடியின் மெத்தைகளையும் பிரித்து எடுத்து வெப்பக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி வரிசையாக வைத்தார்கள். எதிலும் இரத்தக்கறை இல்லை என்று மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே படுக்கப் போனாள்.

சனி காலை அதே கடை. அதே இளைஞன் சப்பாத்துகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கினான். தாய் அவனிடம் டொச் மொழியில் கேட்டார், தன்னுடைய சோடியின் எண்ணை எழுதித் தர முடியுமா என்று. அவன் ஒரு சின்ன அட்டையில் எழுதினான்: 24.5, அகலம் 102, அடிநீளம் 285. அவர் அதை வாங்கி, கைப்பையில் ரயில் அரைக்கட்டண அட்டைக்குப் பின்னால் செருகினார். பிறகு வாங்கில் உட்கார்ந்து, ஊரிலிருந்து போட்டுவந்த தன் சப்பாத்தின் நாடாவைத் தானே முடியத் தொடங்கினார்.